மூக்கன் தண்ணீர்

அன்புள்ள சார்,

செப்டம்பரில் ரோமில் எங்களுக்கு ஒரே ஒரு பகல் கிடைக்கிறது. கொலோசியம், ஃபோரம், பாந்தியன், ட்ரெவி நீரூற்று, வத்திக்கான் எல்லாம் நடந்தே பார்க்க அட்டவணை போட்டிருக்கிறேன். கணவருக்கு முட்டி வலி. முடியுமா? தண்ணீர் பாட்டில் விலை அதிகமாமே, எத்தனை வாங்கிக்கொள்வது?

வ.

அன்புள்ள வ.,

முடியாது. வத்திக்கானை அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் பக்கம் பக்கம்தான், கொலோசியத்திலிருந்து பாந்தியனுக்கு அரை மணி நடை. அட்டவணைப் பேச்சு இத்தோடு போதும்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ரோமுக்குப் போய்த் தண்ணீரை விலைக்கு வாங்குவீர்களா?

ட்ரெவியில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு காசு எறிகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்தச் சிலைகளும் முகப்பும் முடிந்தது 1762இல், ரோமுக்கு அது நேற்று. ட்ரெவி உண்மையில் ஒரு கால்வாயின் கடைமடை. அந்தக் கால்வாயைக் கி.மு. 19இல் கொண்டுவந்தவர் ரோமானியத் தளபதி அக்ரிப்பா. பாந்தியன் கோயிலின் நெற்றியில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதே பெயர். அக்ரிப்பா கட்டியது போய், இப்போதுள்ள பாந்தியன் பின்வந்த பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் எழுந்தது. ஆனாலும் பழைய பெயரையே பொறிக்கச் சொல்லிவிட்டார் மனிதர். நம்மூரில் பேருந்து நிழற்குடைக்கு எத்தனை பெயர் எழுதுகிறோம்!

தண்ணீர் தேடிய ரோமானிய வீரர்களுக்கு ஒரு பெண்பிள்ளை ஊற்றுக்கண்ணைக் காட்டினாளாம், அதனால் அந்தக் கால்வாய்க்குக் கன்னி நீர் என்று பெயர். சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பாலும் மண்ணுக்கடியில். கி.பி. 537இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் நகரை முற்றுகையிட்டுக் கால்வாய்களை வெட்டினார்கள். வளைவுகள் மேல் கம்பீரமாக வந்தவை வறண்டன. மண்ணுக்குள் ஒளிந்து வந்த இது, இடையிடையே தூர்ந்தும் பழுது பார்க்கப்பட்டும் பிழைத்துக்கொண்டது. வாய்க்காலை விட்டுவிட்டு மதகிலுள்ள சிங்கத்தைப் படம் எடுப்பது என்ன ரசனை? டெல்டாக்காரன் எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, பாட்டில். நானும் வாங்கினேன். ஜூலை வெயிலில், ஒரு தள்ளுவண்டியில், மூன்று யூரோ கொடுத்து. பக்கத்திலேயே இடுப்புயர வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. வீணாகிறதே என்று மூடுவதற்குத் திருகைத் தேடினேன், இல்லை. காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி என் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இத்தாலியனில் ஏதோ சொன்னாள். திட்டுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. என் விரலைப் பிடித்துக் குழாய் வாயில் வைத்து அழுத்தினாள். மேலே ஒரு பொத்தல் இருக்கிறது, அதிலிருந்து தண்ணீர் வில்லாக எழுந்து என் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. பல்லைக் கூசவைக்கும் குளிர். என் அத்தையும் இப்படித்தான், பேசிக்கொண்டே கையைப் பிடித்து இழுப்பாள்.

அந்தக் குழாய்க்கு அங்கே 'நசோனே' என்று பெயர், பெரிய மூக்கன். 1874 முதல் வைக்கிறார்கள், இன்று நகரத்தில் சுமார் 2500 இருக்கின்றன. காலி பாட்டில் ஒன்று போதும்.

முட்டியை மறந்துவிட்டேன். ஒவ்வொரு மூக்கனிடமும் நின்று நின்று போங்கள். ரோமின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் அவரை உட்கார வைக்காதீர்கள், 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம்.