கிருமாம்பாக்கத்தில் ஏறுபவர்

அன்புள்ள ஐயா,

மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். கிருமாம்பாக்கத்தில் ஒருவர் ஏறுவார். பல மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். எல்லாம் சில்லறைப் பேச்சுதான். எந்தப் படம் ஓடும், எந்தக் கடையில் டீ மோசம், இப்படி. நேற்று, “பஸ்ல கேக்க ராஜா பாட்டுதான் சார், ரகுமான் ஹெட்போனுக்கு” என்றார். நான் விடவில்லை. இறங்கும்வரை சண்டை. வீட்டில் சொன்னால், “பேர்கூடத் தெரியாத ஆளோட என்ன வாய்?” என்கிறார் மனைவி. அந்த நேரத்தில் ஏதாவது படித்திருக்கலாமோ என்று எனக்கும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

படிக்கலாம்தான். ஆனால் பாட்டு அலறும் தனியார் பஸ்ஸில், தவளக்குப்பம் நெரிசலில், ஒரு பக்கத்தை முழுதாகப் படித்தவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கவலையை விடுங்கள்.

நம் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும்? எந்த ஊர் என்பார். கடலூர் என்றால், கடலூரில் எங்கே? முதுநகரா, திருப்பாதிரிப்புலியூரா? அப்புறம் எந்தத் தெரு, அப்பா என்ன செய்தார். அதற்குள் நீங்கள் என்ன ஆள் என்று கணக்குப் போட்டு முடித்திருப்பார். பிறகு நீங்கள் எது சொன்னாலும் அந்தக் கணக்கு வழியாகத்தான் அவர் காதில் விழும். உங்கள் கிருமாம்பாக்கத்துக்காரர் இத்தனை மாதத்தில் அதைக் கேட்கவில்லை. ரகுமானைப் பற்றி நீங்கள் நினைப்பது தப்பு என்பதில் மட்டுமே அவருக்கு அக்கறை. இதை நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

இந்த மாதிரிப் பேச்சுக்கு டீக்கடையைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஊரே பேசிய காலம் என்பார்கள். எனக்கு அந்த ஏக்கத்தில் பாதி நம்பிக்கைதான். இரட்டைக் குவளை வைத்திருந்ததும் டீக்கடைகள்தானே. பெஞ்சில் உட்கார விடப்பட்டவர்கள் பேசினார்கள். பஸ் சீட் எவ்வளவோ மேல், டிக்கெட் எடுத்தவர் உட்காரலாம். சினிமாப் பேச்சு கள்ளமே இல்லாதது என்றும் சொல்ல மாட்டேன். யாருக்கு ரசிகர் என்று கேட்டே ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பேச்சு இரண்டாம் நாளே பாட்டை விட்டு வேறெங்கோ போய்விடும்.

சில்லறைப் பேச்சில் சரக்கும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? அப்போது ஒருநாள் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் நான் கேட்காமலே, “அது ஐஸ்ல கெடந்தது தம்பி. விசைப்படகுதான போவல, ஃபைபர் போட்டு போவுது. மத்தி வாங்கு” என்றார். “மத்தி முள்ளை யாரு பொறுக்கறது?” என்று இன்னொருவர் குறுக்கிட்டார். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். நான் மத்தி வாங்கினேன்.

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் உண்டு. நாலு நாள் அந்த பஸ் நண்பர் வராவிட்டால் யாரென்று சொல்லி விசாரிப்பீர்கள்? பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தெரு வேண்டாம்.

சரி, சண்டைக்கு வருவோம். முக்கால்வாசி அவர் பக்கம்தான் நான். டீசல் இன்ஜின் உறுமலில் பாட்டின் கீழ் ஸ்தாயி ஒலிகள் அமுங்கிப்போகும், மெல்லிய ஒலிகளும் தப்பாது. குரலும் குழலும் தப்பிக்கும். ராஜா 1976-ல் வந்தபோது பாட்டு நம்மிடம் வந்தது ரேடியோவும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் வழியாக. அந்த இரைச்சலையெல்லாம் தாண்டி நின்ற மெட்டுகள் அவை. 1992-ல் வந்த ரகுமான் அடியில் அடுக்கடுக்காக வைக்கும் சின்னச் சின்ன ஒலிகளைப் பிடிக்க ஹெட்போன் வேண்டியிருக்கிறது.

ஆனால் ராஜாவின் பேஸ் கிடாரும் அதே உறுமலில்தான் காணாமல் போகிறது. அப்படியானால் பஸ்ஸில் அவரையும் நாம் பாதிதான் கேட்கிறோம். நாளைக்கு இதைக் கிருமாம்பாக்கத்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சும்மா விடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.