பப்பாளிக்காய்க்குப் பதில் நூக்கோல்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். தாய்லாந்தின் சோம் தாம் சாலட்டுக்குப் பப்பாளிக்காய் கிடைப்பதில்லை. வெள்ளரி போட்டால் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிறது. வேறு வழி?

பதில்: உப்புப் பட்டதும் வெள்ளரி நீர் விடத்தான் செய்யும். அங்கே தாராளமாகக் கிடைக்கும் நூக்கோலை வாங்குங்கள். நார்த்தோலைத் தடிமனாகச் சீவி, 250 கிராமைத் தீக்குச்சி போல நறுக்கி, ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, துணியால் ஈரத்தை ஒற்றியெடுங்கள்.

பூண்டு, மிளகாயோடு 1 மேசைக்கரண்டி வெல்லத்தை முதலில் இடியுங்கள். தாய்லாந்தில் இதற்குப் போடும் பனஞ்சர்க்கரை இல்லையே என்று கருப்பட்டிக்குப் போக வேண்டாம். அதன் வாசம் மற்றதை அமுக்கிவிடும். பிறகு மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு தலா ஒன்றரை மேசைக்கரண்டி. சோயா சாஸ் ஊற்றினால் அது வேறு ஊர் சாலட்! கடைசியில் நூக்கோல், நசுங்காமல் நாலு தட்டு தட்டி, உடனே பரிமாறுங்கள்.