சோஜிலா 1948: பனிமலையில் டாங்கி ஏறிய போர் – கேள்வி பதில்

1947-48இல் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய காஷ்மீர் போரில் எத்தனையோ சண்டைகள். சோஜிலாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் பாதை சோஜிலா கணவாய் வழியாகத்தான் போகிறது. 1948 கோடையில் கார்கில், திராஸ், சோஜிலா எல்லாம் பாகிஸ்தான் தரப்பிடம் போய்விட்டன. ஆகஸ்டில் வடக்கே பல்டிஸ்தானில் இருக்கும் ஸ்கர்டுவும் விழுந்தது. லே நகரத்துக்கு மிஞ்சியது விமானமும் மணாலியிலிருந்து போகும் மலைப்பாதையும்தான். பனி இறங்கினால் அந்தப் பாதையும் மூடிவிடும்.

காலாட்படையே பிடித்திருக்கலாமே?

செப்டம்பரில் முயன்றார்கள், முடியவில்லை. இருபுறமும் செங்குத்துப் பாறை, அதன் இடுக்குகளில் இயந்திரத் துப்பாக்கிகள்.

சுமார் 11,500 அடி உயரத்துக்கு டாங்கி எப்படி ஏறியது ஐயா?

நல்ல கேள்வி. இந்தியப் படைத் தளபதி திம்மையாவின் துணிச்சலைச் சொல்பவர்கள் பாதை போட்டவர்களை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 7ஆம் குதிரைப்படை (பெயர்தான் அப்படி, அது டாங்கிப் படை) வைத்திருந்த ஸ்டூவர்ட் என்ற இலகு ரக டாங்கிகளை ஜம்முவிலிருந்து ரகசியமாகக் கொண்டுவந்தார்கள். பீரங்கிக் கூண்டைத் தனியே கழற்றி மூடி எடுத்துப் போனதால், பார்ப்பவர்களுக்கு அது டாங்கி என்றே தெரியாது. கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் பால்தாலிலிருந்து மேலே இருந்தது வெறும் ஒற்றையடித் தடம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவின் வீரர்கள் குளிரிலும் குண்டுவீச்சிலும் பாறையை உடைத்து அதை அகலப்படுத்தினார்கள். அந்தப் பாதை இல்லையென்றால் டாங்கிகள் பால்தாலிலேயே நின்றிருக்கும்.

தாக்குதல் அன்று என்ன நடந்தது?

பனியால் தள்ளித் தள்ளிப் போய், நவம்பர் 1 அன்று புறப்பட்டார்கள். 7ஆம் குதிரைப்படையின் தலைவர் ராஜிந்தர் சிங் தலைமையில் டாங்கிகள் முன்னே போக, திம்மையாவும் முன்வரிசை டாங்கி ஒன்றில் இருந்தார். பதுங்குகுழிகளை நேருக்கு நேர் சுட்டதும் காவல் கலைந்தது. அன்றைக்கே கணவாயைத் தாண்டி கும்ரி பள்ளத்தாக்கு வரை போய்விட்டார்கள்.

எதிரிகள் பயந்து ஓடிவிட்டார்கள் என்கிறார்களே?

அப்படிச் சொல்வது நியாயமில்லை. மாதக்கணக்கில் அந்தக் குளிரில் கணவாயைக் காத்தவர்கள் அவர்கள். டாங்கியை உடைக்கும் ஆயுதம் கையில் இல்லை. அவ்வளவு உயரத்துக்கு டாங்கி வரும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

அப்புறம்?

நவம்பர் நடுவில் திராஸ், மாதக் கடைசிக்குள் கார்கில் என்று மீட்டார்கள். லேயிலிருந்து வந்த படையோடு தொடர்பும் கிடைத்தது. 1949 ஜனவரி 1இல் போர்நிறுத்தம். ஸ்கர்டு மட்டும் மீளவில்லை. அது இன்றும் பாகிஸ்தான் பக்கம்தான்.