பாதியில் நின்ற சால்வை

கேள்வி: அக்கா, மகள் மெல்பர்னுக்குப் படிக்கப் போனபோது அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னத் தொடங்கினேன். பாதியில் நின்று, ஊசியோடு பெட்டியில் கிடக்கிறது. அவள் இப்போது அங்கேயே வேலை பார்க்கிறாள். தொடரலாமா, பிரித்துவிடலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தயவுசெய்து பிரிக்காதீர்கள்! முதலில் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்திருக்கலாம்; உலோக ஊசி என்றால் துருவும் ஏறியிருக்கலாம். ஊசியிலேயே கிடந்த கண்ணிகள் (பின்னலின் நூல் வளையங்கள்) இழுபட்டிருக்கும். அதற்கு இரண்டு மூன்று வரிசை கீழே, ஒரே வரிசையின் கண்ணிகள் வழியாக வேறு நிறப் பருத்தி நூலைக் கோத்துவிட்டு, அதுவரை மட்டும் பிரியுங்கள். கண்ணி நழுவினாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.

அப்புறம் கை. இத்தனை வருடத்தில் நீங்கள் நூலை இழுத்துப் பின்னும் இறுக்கம் நிச்சயம் மாறியிருக்கும். மீதி நூலில் சிறு துண்டு பின்னி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று பழையதோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக வந்தால் சற்றுத் தடித்த ஊசிக்கு, உதாரணமாக 4 மி.மீ. ஊசியை விட்டு 4.5க்கு மாறுங்கள். நூல் போதாவிட்டால், அதே நிறத்தில் வாங்கினாலும் சாயம் சற்று வேறுபடும். பழைய பந்திலும் புதுப் பந்திலும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னினால் கோடு தெரியாது.

எம்ஆர்டி ரயிலில் பின்ன நான் வட்ட ஊசிதான் (வளையும் கம்பியால் இணைந்த இரண்டு குட்டை ஊசிகள்) எடுத்துப்போவேன், பக்கத்தில் இருப்பவரை இடிக்காது. மெல்பர்னில் ஜூனில் குளிர்காலம் தொடங்கிவிடும், இந்த வாரமே எடுங்கள்.