35 கிலோ சர்வோ வேண்டாம், சேவரைப் பாருங்கள்

கீழக்கரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மச்சான் துபாயில் இருந்து வாங்கி வந்த 1/10 அளவு ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) டிரக்கை அரியமான் கடற்கரையில் ஓட்டுகிறேன். பனங்கட்டையில் மோதியதில், வண்டியோடு வந்த, சக்கரத்தைத் திருப்பும் பிளாஸ்டிக் கியர் சர்வோ போய்விட்டது. 20 கிலோ மெட்டல் கியர் சர்வோவும், அதன் தண்டில் மாட்டும் கையான அலுமினிய ஹார்னும் போட்டேன். இப்போது முழுக்கத் திருப்பினால் ‘ங்ங்’ என்று முனகுகிறது, தொட்டால் சுடுகிறது. 35 கிலோ வாங்கட்டுமா?”

வேண்டாம். கிலோ என்பது எடை அல்ல, சர்வோ திருப்பும் விசை. 1/10 டிரக்குக்கு 20 கிலோவே தாராளம். கோளாறு சர்வோவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது.

பழைய ஹார்னைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உள்ளே ஸ்பிரிங் வைத்த அந்தத் துண்டுதான் பெரும்பாலும் சர்வோ சேவர். சக்கரம் கட்டையில் மோதும்போது ஸ்பிரிங் விலகிக்கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். நீங்கள் போட்ட அலுமினிய ஹார்ன் விலகாது. இனி மோதினால் மொத்த அடியும் நேராக கியருக்குத்தான். கியர் தாங்கினாலும், சர்வோவை வண்டியோடு பிணைக்கும் காதோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோ உடையும். சேவர் இருந்தும் முதல் சர்வோ போனதே என்பீர்கள். உப்பும் மணலும் சேர்ந்து ஸ்பிரிங் இறுகியிருந்தால் அப்படித்தான் ஆகும்.

ஆகவே 20 கிலோவுக்குத் தாங்கும் கெட்டியான சேவர் ஒன்று வாங்குங்கள். வாங்கும் முன் சர்வோ தண்டின் பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். 25 பல் அதிகம், 23, 24-ம் உண்டு. மாறிப் போட்டால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், இரண்டு ஓட்டத்தில் பல்லை வழித்துவிடும். மாட்டியதும் வண்டியைத் தரையில் வைத்து, கரண்ட் இருக்கும்போதே சக்கரத்தைக் கையால் ஓங்கித் தள்ளுங்கள். ஸ்பிரிங் விலகித் திரும்ப வர வேண்டும். அதற்காக ரொம்பத் தளர்வாகவும் இருக்கக் கூடாது, வண்டி வளையாது.

அப்புறம் அந்த முனகல். சக்கரம் அதன் எல்லையில் முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் இந்த ரக சர்வோ 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், மோட்டார் சூடாகும். 35 கிலோ போட்டால் இன்னும் அதிகம் இழுக்கும். வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி-யில், சர்வோவுக்கு மின்சாரம் தரும் பகுதியான பிஇசி தாங்காமல், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரே அணைந்து எழலாம்.

அதைச் சரிசெய்ய, சேவரோடு உள்ள ஹார்னைக் கழற்றுங்கள். டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்) நேர் நிலையைச் சரிசெய்யும் டிரிம்மை நடுவில் வைத்து, முதலில் டிரான்ஸ்மிட்டரையும் பிறகு வண்டியையும் ஆன் பண்ணுங்கள். சர்வோ நடுவுக்கு வந்து நின்றதும், ஹார்னை லிங்குக்கு (அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கம்பி) எவ்வளவு முடியுமோ அவ்வளவு செங்குத்தாக மாட்டுங்கள். பிறகு, சர்வோ எதுவரை திரும்பலாம் என்று வரையறுக்கும் இபிஏ-வைக் குறைவில் தொடங்கி, இடது வலது தனித்தனியாக ஏற்றுங்கள். சக்கரம் முட்டியதும் துளியூண்டு பின்னால் எடுங்கள், முனகல் நின்றுவிடும். உங்கள் டிரான்ஸ்மிட்டரில் இரு பக்கத்தையும் சேர்த்தே குறைக்கும் டூயல் ரேட் திருகு மட்டும்தான் என்றால், முதலில் முட்டும் பக்கத்துக்கு ஏற்றபடி அதைக் குறையுங்கள்.

அதற்குப் பிறகும் முனகினால் லிங்கைக் கழற்றிவிட்டு சக்கரங்களைக் கையால் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கரகர என்றால், திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்கிராங்கில் மணல். நம் கரையில் கிடக்கும் நைலான் வலைத் துண்டு அச்சில் சுற்றிக்கொள்வதும் உண்டு, அதையும் பாருங்கள். வண்டி மணலில் புதைந்து நிற்கும்போது சக்கரத்தைத் திருப்பப் பார்ப்பதும் கூடாது. வண்டி ஓடும்போது மட்டும் திருப்புங்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று ஒட்டியிருப்பதை நம்பி அலையில் விடாதீர்கள். சூடான சர்வோ குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தண்டின் ஓரம் வழியே உப்புத் தண்ணீரை இழுத்துவிடும். நனைந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றால் அதைத் தொடாதீர்கள், காவிரித் தண்ணீர் இரண்டு சொம்பு போதும். காய்ந்ததும் ஹார்னைக் கழற்றி, தண்டின் கழுத்தில் சிலிக்கோன் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவுங்கள். கொழகொழவென்று அப்பினால் அதுவே மணலைப் பிடிக்கும். ரிசீவரில் செருகும் பிளக்கையும் உருவிப் பாருங்கள். உலோக ஊசிகளில் பச்சைக் களிம்பு தெரிந்தால் சர்வோ நடுங்கும், அதைப் பார்த்து சர்வோவையே மாற்றுவது வீண். மென்மையான பிரஷால் சுரண்டி கிரீஸ் வையுங்கள்.

லிங்க் கழற்றிய நிலையிலும் சர்வோ கரகரவென்று அரைத்தால் கியர் போயிருக்கிறது, கியர் செட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கருகிய வாடை வந்தால் மட்டும் புது சர்வோ, அதுவும் 20 கிலோவே.