லண்டனுக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் மலைச் சைக்கிள் ஓட்ட எங்கே தொடங்கலாம்?

லண்டனுக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் சவுத் டவுன்ஸ் குன்றுகளா, வடமேற்கே இருக்கும் சில்டர்ன்ஸ் குன்றுகளா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். விலை கூடிய சைக்கிள் வேண்டுமா என்றும். என் பதில்: முதல் தடவை சவுத் டவுன்ஸுக்குப் போங்கள். ஆம்பர்லி ஸ்டேஷனில் இறங்கி, குன்றின் முதுகில் ஏறி, கிழக்கே ஓட்டி, ஷோரமில் ரயில் பிடித்துத் திரும்புங்கள். சைக்கிளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் குன்றுகளின் அருமை அவற்றின் பழைய பாதைகளில்தான் இருக்கிறது. பிரிடில்வே எனப்படும் குதிரைப் பாதைகள் நாடு முழுவதும் வயல்களையும் காடுகளையும் ஊடறுத்துப் போகின்றன. 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவற்றில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. பாதை ஒருவருடைய பண்ணைக்குள்ளேயே போனாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நடந்து வருபவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம் வழிவிட வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. என்னைப் பொறுத்தவரை இது நியாயமான ஏற்பாடு. குதிரையைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒரு ‘ஹலோ’ சொல்லிக் குரல் கொடுங்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிள்தான் குதிரையை மிரளவைக்கும்.

நீல அம்பு போட்ட கம்பம் என்றால் பிரிடில்வே, ஓட்டலாம். மஞ்சள் அம்பு என்றால் நடைபாதை, ஓட்டக் கூடாது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் நீளமான பச்சைக் கோடுகள் பிரிடில்வே, குட்டையான பச்சைக் கோடுகள் நடைபாதை. புதியவர்கள் பலர் ரிட்ஜ்வேயில்தான் ஏமாந்துபோகிறார்கள். அதுவும் சவுத் டவுன்ஸ் முகட்டில் போகும் சவுத் டவுன்ஸ் வே போலவே தேசிய நெடுந்தூரப் பாதை, அதே ஓக் மரக் கொட்டைச் சின்னம்தான். ஆனால் தேம்ஸ் நதிக்குக் கிழக்கே, சில்டர்ன்ஸ் வழியாக வரும் பகுதியில் பெரும்பாலும் நடப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. சவுத் டவுன்ஸ் வே அப்படியல்ல. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஏறத்தாழ 160 கி.மீ., முழுத் தூரத்தையும் சைக்கிளிலேயே கடக்கலாம். புதியவரை நான் அங்கே அனுப்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் மண். சாக் என்பது டைனோசர் காலத்துக் கடலடியில், கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான மென்மையான வெள்ளைப் பாறை. ஒரு காலத்தில் அது தென்கிழக்கு இங்கிலாந்தின் மேல் பெரிய வளைவாகக் கவிந்திருந்தது. நடுப்பகுதி அரித்துப்போய், வடக்கே நார்த் டவுன்ஸும் தெற்கே சவுத் டவுன்ஸும் இரு விளிம்புகளாக மிஞ்சின. அதனால்தான் சவுத் டவுன்ஸின் வடக்குச் சரிவு செங்குத்தாகவும் கடலைப் பார்த்த சரிவு நீளமாகவும் சாய்வாகவும் இருக்கின்றன. வடக்கே இறங்கினால் இரண்டே நிமிடத்தில் பிரேக் சூடாகிவிடும். தெற்கே இறங்கினால் மிதிக்காமலேயே வெகுதூரம் போகலாம்.

சாக் மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். எனவே திறந்த முகடு சீக்கிரம் காய்கிறது. அதே காரணத்தால் மேலே ஓடையும் கிடையாது. ஆடுகளுக்காக அந்தக் காலத்தில் வெட்டிய குட்டைகளைத்தான் பார்ப்பீர்கள். குடிநீரை நிறையவே எடுத்துப் போங்கள். ஈரம் காயாத வெள்ளைப் பாதையில் மட்டும் மிகவும் கவனம் தேவை. சோப்புக் கட்டி போல வழுக்கும். அங்கே முன்பிரேக்கைத் தொடாமல், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சில்டர்ன்ஸிலும் அடியில் அதே பாறைதான். ஆனால் குன்றின் மேல்பரப்பில் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் படிந்திருக்கிறது. அதன் மேல் பீச் மரக் காடு. நவம்பர் முதல் மார்ச் வரை குதிரைக் குளம்புகள் மிதித்து மிதித்து, அந்தப் பாதைகள் அச்சு வரை புதையும் சேறாகிவிடும். நான் அந்த மாதங்களில் அங்கே ஓட்டுவதில்லை, மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பதில்லை. ஓட்டுபவருக்கும் துன்பம், பாதைக்கும் சேதம். ஆனால் ஒரு வறண்ட செப்டம்பரில் வெண்டோவர் ஸ்டேஷனில் இறங்கி அந்தக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். சில்டர்ன்ஸின் மிக உயரமான இடமான 267 மீட்டர் ஹேடிங்டன் ஹில் அங்கேதான் இருக்கிறது. பீச் மர நிழலில் கீழ்ச்செடி அதிகம் வளராது, அதனால் மரங்களுக்கிடையே வெகுதூரம் கண்ணுக்குத் தெரியும். சருகுக்கு அடியில் மறைந்திருக்கும் வேர்களை மட்டும் செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்ந்த வாக்கில் ஏறினால் சக்கரம் பக்கவாட்டில் நழுவும்.

இனி ஆம்பர்லி வழி. ஏறத்தாழ 30 கி.மீ. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பழைய சாக் குவாரியும் சுண்ணாம்புக் காளவாய்களும் இப்போது அருங்காட்சியகமாக இருக்கின்றன. அங்கிருந்து ஏற்றம் தொடங்குகிறது. கடல்மட்டத்தை ஒட்டிய ஆருன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து 190 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். இந்த வழியில் மிகக் கடினமான பகுதி அதுதான். தள்ளிக்கொண்டு ஏறினாலும் குறைவில்லை. முகட்டை அடைந்த பிறகு வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வீல்ட் சமவெளி. வாஷிங்டன் கிராமத்தருகே ஏ24 சாலை குறுக்கிடும். வண்டிகள் பறக்கும் அந்தச் சாலையை நேராகக் கடக்காதீர்கள். கிராமத்தின் வழியாகப் பாலத்தில் கடக்கும் மாற்றுப் பாதை இருக்கிறது.

அதன் பிறகு சாங்டன்பரி ரிங். இரும்புக் காலத்து மண்கோட்டை வளையத்தின் மேல் 1760ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கோரிங் என்பவர் பீச் மரங்களை நட்டார். 1987 அக்டோபர்ப் புயலில் பெரும்பாலானவை சாய்ந்தன; மறுபடி நட்ட மரங்கள் இப்போது வளர்ந்து நிற்கின்றன. இங்கே கட்டாயம் இறங்கி உட்காருங்கள். சுற்றியிருக்கும் புல்வெளி நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மேய்ந்து உருவானது. ஒரு சதுர மீட்டரில் நாற்பது வகைச் செடிகள் வரை இருக்கும் அரிய நிலம் இது. தடத்தை விட்டு விலகிச் சக்கரத்தை ஏற்ற வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் வேண்டிக்கொள்கிறேன்.

பிறகு ஆடுர் ஆற்றை நோக்கி நீண்ட இறக்கம். ஆற்றுப் பாலத்தருகே குடிநீர்க் குழாய் உண்டு. அங்கே டவுன்ஸ் லிங்க் பாதை குறுக்கிடுகிறது. 1966இல் மூடப்பட்ட ரயில் தடம்தான் அது, சமதளம். தெற்கே திரும்பினால் ஆற்றோரமாகவே ஷோரம் ஸ்டேஷன் போய்ச் சேரலாம். வார நாட்களின் நெரிசல் நேர ரயில்களில் மடக்காத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள், சனி ஞாயிறே வசதி.

சைக்கிளுக்கு வருவோம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில், வட்டு பிரேக், இவை தாராளமாகப் போதும். காசு மிச்சமிருந்தால் அத்தனையையும் டயரில் போடுங்கள். இந்தக் குன்றுகளில் எங்கும் சிக்கிமுக்கிக் கல் சிதறிக் கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் சிஸ்பரி ரிங்கில் புதிய கற்கால மனிதர்கள் சுரங்கம் தோண்டி எடுத்தது இதே கல்லைத்தான், அவ்வளவு கூர்மை. பக்கச்சுவர் தடிமனான டயர், டியூப்லெஸ், உள்ளே சீலன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு வெட்டுகள் தானாக அடைபடும், பெரிய கிழிசலுக்கு ஒட்டுச் செருகியும் ஒரு உபரி டியூபும் பையில் இருக்கட்டும். ஈரமான நாளில் ஓட்டினால் வீட்டுக்கு வந்தவுடன் கழுவிவிடுங்கள். சாக் குழம்பு காய்ந்தால் செயினிலும் பிரேக்கிலும் இறுகி ஒட்டிக்கொள்ளும், மறுநாள் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.