டீச்சரிடம் கேளுங்கள்: எழும்பூர் மியூசியத்தில் ஒரு மதியம்

டீச்சர், லீவுக்குச் சென்னை வருகிறோம். திரும்ப எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். அன்று மதியம் முழுக்கச் சும்மாதான் இருப்போம். பக்கத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 12. உள்ளே போனதும் "போதும்மா, போகலாம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்று யோசனையாக இருக்கிறது.
– வாசகி, தூத்துக்குடி

கட்டாயம் கூட்டிப் போங்கள். பெட்டிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு பாந்தியன் சாலைக்கு ஆட்டோ பிடித்தால் சீக்கிரமே போய்விடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். 1851இல் தொடங்கிய இடம் அது. கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பழையது. கட்டடம் கட்டடமாகப் பரந்து கிடக்கிறது. அத்தனையையும் ஒரே மதியத்தில் சுற்றினால் கால் வலிதான் மிஞ்சும், பிள்ளைகள் மியூசியம் என்ற பெயரையே வெறுத்துவிடுவார்கள். பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி "தொடாதே, பேசாதே, நட நட" என்று ஓட்டிக்கொண்டு போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்க வந்த பிள்ளையை நிற்கவே விடுவதில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நீங்களாவது நிற்க விடுங்கள்.

பையனுக்காக முதலில் விலங்கியல் பகுதிக்குப் போங்கள். திமிங்கல எலும்புக்கூடும் யானை எலும்புக்கூடும் இருக்கின்றன. அங்கே அவனுக்கு ஒரு கதை சொல்லலாம். இந்த மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். கூட்டம் வரட்டும் என்று வளாகத்திலேயே உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்தார். சனங்களும் திரண்டு வந்தார்கள். அப்புறம் விலங்குகள் பெருகி இடம் போதாமல், 1863இல் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய வண்டலூர் பூங்காவின் வேர் அதுதான். பழைய சென்னைக்காரர்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். பையன் சிரிப்பான்.

அடுத்து ஆதிச்சநல்லூர். தூத்துக்குடிக்காரர்கள் இதைப் பார்க்காமல் திரும்பவே கூடாது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்தப் பரம்பில் 1876இலேயே யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரியா முறையாகத் தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள் என்று அவர் எடுத்தவை இந்த மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. வெண்கலப் பொருள்களின் மேல் செய்து வைத்திருக்கும் சின்னச் சின்ன உருவங்களைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். கொம்பு அகன்ற எருமை, சேவல் என்று கண்ணில் படும். செத்தவரோடு புதைக்கும் பாத்திரத்தில் ஏன் எருமையைச் செய்து வைத்தார்கள் என்று உங்கள் பெண் கேட்பாள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ரயிலில் போகும்போது பேசிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிச்சநல்லூருக்கே கூட்டிப் போங்கள். தோண்டிய குழியிலேயே தாழிகளைப் பார்க்கும்படி அங்கே 2023இல் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

மூன்றாவதாகச் செப்புத் திருமேனிகள். அதைப் பற்றி அடுத்த கடிதத்துக்கான பதிலில் எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள். ஒரு மதியத்துக்கு இந்த மூன்று போதும்.

டீச்சர், எழும்பூர் மியூசியத்தில் சாமி சிலைகளைக் கண்ணாடிக்குள் பார்த்தபோது என் மாமியார் அழுதே விட்டார். "அபிஷேகம், நைவேத்தியம் இல்லாமல் இப்படி நிற்க வைத்திருக்கிறார்களே" என்று இன்றும் புலம்புகிறார். அவற்றைக் கோயில்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமே?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் மாமியாரின் கண்ணீர் எனக்குப் புரிகிறது. அந்தக் கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அதில் இடைஞ்சல் இல்லை, தாராளமாகக் கும்பிடலாம்.

ஆனால் ஒன்றை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இவற்றில் பல கோயிலிலிருந்து பிடுங்கி வந்தவை அல்ல, மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. படையெடுப்புக் காலங்களில் திருமேனிகளைக் குழி தோண்டி மறைத்தார்கள். மறைத்தவர்கள் போய்விட்டார்கள், இடம் மறந்துபோயிற்று. பல நூற்றாண்டு கழித்து யாரோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ வயலை உழும்போதோ மண்வெட்டியில் தட்டுப்பட்டன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். அப்படித்தான் பலவும் மியூசியம் வந்தன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்குள் கிடைத்த புத்தர் திருமேனிகள் மட்டும் சுமார் 350. அவற்றில் பல இங்கே இருக்கின்றன. எந்தப் புத்த விகாரத்துக்குத் திருப்பிக் கொடுப்பது?

கோயிலில் இருந்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராசர் திருடுபோய், 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் பணம் கொடுத்து வாங்கி வைத்து, 2014இல்தான் இந்தியாவுக்குத் திரும்பினார். என் கருத்தைக் கேட்டால், திருட்டுப் போனவர் எந்தக் கோயில் என்று தெரிந்தால் அந்த ஊருக்கே போக வேண்டும், அங்கே காவலும் வேண்டும். மண்ணிலிருந்து வந்தவர் மியூசியத்தில் இருக்கட்டும். ஆனால் எந்த ஊர், எந்த மண் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் வந்து "எங்க ஊர் சாமி" என்று காட்ட முடிய வேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை மாமியாரைத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் உட்கார வைத்துவிடுங்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் அம்மைக்கு ஒரே கை. வலக்கால் ஆடை தொடையோடு நின்றுவிடும், இடக்கால் ஆடை கணுக்கால் வரை இறங்கும். வலத்தோள் கம்பீரமாக நிற்க, இடுப்பு இடப்பக்கமாக மெல்ல ஒசியும். இரண்டு உடம்பை ஒட்டவைத்த மாதிரி எங்கேயும் தெரியாது. ஒரே மூச்சில் வந்தது போல இருக்கும். முதலில் மெழுகில் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும். அதனால் அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. உங்கள் ஊர்ப் பக்கம் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

பீடத்தையும் பாருங்கள். திருவிழாவில் தண்டு கோத்துத் தூக்கிப் போவதற்காக விட்ட துளைகளும் வளையங்களும் இருக்கும். வீதி உலா வந்தவர் என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் திருவாலங்காட்டு நடராசர். சுற்றி வரும் நெருப்பு வளையமான திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை, இருந்தும் ஆட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இந்த மியூசியத்து நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்து, சொக்கிப்போய் எழுதினார். நேரில் நிற்கும் பாக்கியம் உங்கள் மாமியாருக்குத்தான்.

ஆந்திராவின் அமராவதிச் சிற்பங்கள் சென்னையில் எதற்கு?
– வாசகர், வேலூர்

அன்றைக்கு அது சென்னை மாகாணம். 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அரசு அதிகாரி அமராவதியின் புத்த ஸ்தூபியைத் தோண்டி, சுண்ணாம்புக்கல் பலகைகளை மதராசுக்கு அனுப்பினார். அவை வெகுநாள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. நூற்றுக்கு மேற்பட்டவை 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கே தங்கியதும் பெரும் செல்வம்தான்.

நளகிரி என்ற யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரே வட்டத்துக்குள் இரண்டு நேரம். ஒரு பக்கம் மதம்பிடித்த யானை மனிதனைத் துதிக்கையால் சுழற்றுகிறது, சனங்கள் பதறி ஓடுகிறார்கள். மறுபக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிடுகிறது. மாடிச் சன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களின் முகத்தைக் கவனியுங்கள். தெருவில் ஏதாவது கலவரம் என்றால் இன்றும் நாம் அப்படித்தானே எட்டிப் பார்க்கிறோம்! சுமார் 1,800 ஆண்டுக்கு முந்தைய உளி அது. ஆந்திர நண்பர்கள் இவற்றைத் திருப்பிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கற்காலக் கருவிகள் இருக்கின்றனவா? கல்லூரியில் பாடம் நடத்த உதவுமா என்று பார்க்கிறேன்.
– வாசகர், தாம்பரம்

உங்கள் வீட்டுப் பக்கத்துச் சங்கதிதான் ஐயா. 1863 மே 30இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளை 1904இல் இந்த மியூசியம் வாங்கிக்கொண்டது. மாணவர்களைப் பல்லாவரத்தில் ரயில் ஏற்றி எழும்பூரில் இறக்குங்கள், பாதிப் பாடம் வழியிலேயே முடிந்துவிடும்.

எந்தக் கிழமை விடுமுறை?
– வாசகி, ஈரோடு

வெள்ளிக்கிழமை. தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். பழைய கட்டடங்கள் என்பதால் பராமரிப்புக்காகச் சில கூடங்களைப் பூட்டி வைப்பதும் உண்டு. டிக்கெட் வாங்கும்போதே "செப்புத் திருமேனிக் கூடம் திறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.